கறுப்புத் திரையும் இரண்டு நாள் லீவும்

பனியன் கம்பெனியில் தைக்கத் தெரிந்தவனுக்கு ஊரெல்லாம் வேலை உண்டு. கம்ப்யூட்டரில் எந்தக் கீயை அமுக்க வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆளுக்கு லீவு மட்டும் கிடையாது.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்கள். திருப்பூரில் பல ஆபீஸ்களுக்கு விண்டோஸ் வந்துவிட்டது. அங்கேயே நல்லூரில் நான் இருந்த கம்பெனியில் மட்டும், முதலாளியின் ஏசி அறைக்குள் ஒரு பெரிய கம்ப்யூட்டர், அதிலிருந்து வயர் இழுத்து வெளியே இரண்டு கறுப்புத் திரைகள். பச்சை எழுத்து. மவுஸ் கிடையாது. சாயப்பட்டறைக்குத் துணி அனுப்பும் சலானிலிருந்து அட்டைப்பெட்டிகளுக்கான பேக்கிங் லிஸ்ட் வரை எல்லாம் கீபோர்டு வழியாகத்தான். இப்படி ஒன்றோடு குடித்தனம் நடத்தியவர்களுக்கு மேற்கொண்டு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

யோசிக்கும் மெஷின்

முதலாளிக்கு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கும் பழக்கம் உண்டு. எந்தப் பட்டறையில் எவ்வளவு துணி கிடக்கிறது என்று கேட்பார். அதை நான் தட்டினால் திரையில் வரிகள் மளமளவென்று மேலே ஓடும். ஓட்டத்தை நிறுத்திப் படிப்பதற்கு ஒரு வழி இருந்தது. கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அமுக்கினால் திரை அப்படியே உறைந்துவிடும். கன்ட்ரோலும் க்யூவும் அமுக்கினால் விட்ட இடத்திலிருந்து ஓடும்.

ஒரு நாள் பதினொரு மணி டீ நேரத்தில் அவர் வந்து நின்றார். கை தானாகக் கன்ட்ரோல் எஸ்ஸுக்குப் போனது. திரை நின்றது. "என்னாச்சுங்க?" என்றார். "மெஷின் யோசிக்குதுங்க" என்றேன். அவர் மேசை விசிறியைத் திரையின் பக்கமாகத் திருப்பி வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அது யோசிக்கட்டுமுங்க, தொந்தரவு பண்ண வேண்டாம். நீங்க போய் டீ குடிச்சுப்போட்டு வாங்க."

அதற்குப் பிறகு மெஷின் தினமும் பதினொரு மணிக்கு யோசித்தது.

மரியாதை தெரியாத பட்டன்

சாத்தூரில் அம்மா எனக்குப் பெண் பார்த்து வைத்திருந்தாள். லீவு கிடைக்காமல் இரண்டு முறை நாள் தள்ளிப் போயிற்று. மூன்றாவது முறையும் வராவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகப் பெண் வீட்டார் சொல்லிவிட்டார்கள். முதலாளி கறாராக இருந்தார். உங்கள் இடத்தில் ஒரு ஆளை உட்கார வைத்துவிட்டு எங்கு வேண்டுமானாலும் போங்கள் என்றார்.

முதலில் கணக்குப்பிள்ளை பழனியப்பன் அண்ணனைப் பிடித்தேன். ஒற்றை விரலால் ஒரு சலான் முழுவதையும் அடித்தார். நூல் ரகம், ரோல், எடை எதுவும் தப்பில்லை. பதிவாவதற்குக் கன்ட்ரோல் டபிள்யூ என்று எழுதிக்கூடக் கொடுத்திருந்தேன். அவர் வேலை முடிந்தது, வெளியே வர வேண்டும் என்று எஸ்கேப்பை அமுக்கினார். எஸ்கேப் யாரையும் எதுவும் கேட்காது. அடித்தது அத்தனையும் போய்விடும். வெறும் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "வேணுமுங்களா வேண்டாமுங்களான்னு ஒரு வார்த்தை கேக்கோணுமுல்லீங்க? மரியாதை தெரியாத மிசினுங்க இது. எனக்கு ஆவாது."

சிவப்பு அம்பு

அடுத்து செக்கிங் பிரிவிலிருந்து ஸ்டெல்லா. தூத்துக்குடிப் பெண். வேகமான கை. இந்த முறை முன்ஜாக்கிரதையாக எஸ்கேப்பின் மேல் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி வைத்தேன். பழுதான பனியனில் ஓட்டையையோ கறையையோ காட்ட ஒட்டுவார்களே, அது. சிவப்பைப் பார்த்தால் தொடமாட்டாள் என்பது என் கணக்கு.

ஸ்டெல்லா பேக்கிங் லிஸ்டை முடித்தாள். கீபோர்டைக் கண்ணால் ஒருமுறை துழாவினாள். நேரே அம்பைத் தேடிப்போய் அழுத்தினாள். லிஸ்ட் காணாமல் போனது. நான் தலையில் கை வைத்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது. "ஏண்ணே, நாள் பூரா அம்பு ஒட்டுன எடத்தத்தான நாங்க பாக்கோம்? தொடக்கூடாதுன்னா அதுல எதுக்குண்ணே அம்ப ஒட்டுதீய?"

சாத்தூரில் ஒரு போன்

கடைசியில் முதலாளியின் மகனே முன்வந்தான். கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் படிப்பு, விடுமுறைக்கு வந்திருந்தான். அரை நாளில் எல்லாக் கீயையும் கற்றுக்கொண்டான். கன்ட்ரோல் எஸ்ஸைப் பற்றி மட்டும் நான் பேச்செடுக்கவில்லை. அது கம்பெனி வேலைக்கான கீ அல்லவே. இரண்டு நாள் லீவில் சாத்தூருக்கு பஸ் ஏறினேன்.

பெண் வீட்டில் தட்டில் சேவும் மிக்சரும் வந்து, பெண் காபியோடு வந்த நேரத்தில் என் செல்போன் அடித்தது. பழனியப்பன் அண்ணன்.

"தம்பி, மிசின் யோசிக்குதுங்க."

"எப்பருந்துங்க?"

"காத்தால இருந்துங்க. சின்ன முதலாளி எதையோ பதிவு பண்றேன்னு அமுக்குனாப்புல, நின்னு போச்சு. அப்பறம் என்னென்னமோ அமுக்கிப் பாத்தாப்புல. முதலாளி வந்து யாரும் தொடக்கூடாதுன்னுட்டாருங்க. விசிறி போட்டு உட்டிருக்கறோம். லிஸ்ட் இல்லாம லாரி வாசல்லயே நிக்குதுங்க."

பையனுக்கு விண்டோஸ் பழக்கம். அங்கே பதிவு செய்யக் கன்ட்ரோல் எஸ். பெண்ணின் தகப்பனார் சேவை வாயில் போடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் என் டீ போகும். சொல்லாவிட்டால் லாரி போகாது. இன்னொரு லீவு எந்தக் காலத்திலும் கிடைக்காது.

"கன்ட்ரோலப் பிடிச்சுக்கிட்டு க்யூவ அமுக்கச் சொல்லுங்க."

அண்ணன் அதை அப்படியே உரக்கச் சொன்னார். பிறகு பையன் காலையிலிருந்து அமுக்கியதெல்லாம் மொத்தமாக வேலை செய்தது. பிரிண்டர் கிரீச்சிடுவது சாத்தூர் வரை கேட்டது. நிற்காமல் அடித்தது. போன் கை மாறியது. முதலாளிக்குப் பேசுவதற்குச் செல்போன் தேவையில்லை. அப்படி ஒரு குரல். காபித் தட்டோடு நின்ற பெண் உட்பட அந்த அறையில் எல்லோருக்கும் கேட்டது.

"ஏனுங்க தம்பி, அப்ப இத்தன நாளா அந்த மிசின் யோசிக்கவே இல்லீங்களா?"

கல்யாணம் நடந்தது. இப்போதும் ரேஷன் கடைக்குப் போகச் சொல்லும்போது நான் ஏதோ யோசிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தால், சமையலறையிலிருந்து "கன்ட்ரோல் க்யூ" என்று ஒரு குரல் வருகிறது.