சாம்பல் நிறப் புள்ளி

எனக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம். பேசுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டால், எதிராளியே வந்து பேசும்வரை வாய் திறக்கமாட்டேன். அந்த வருஷம் எனக்கு எதிராளியாக வாய்த்தவள் என் நெருங்கிய தோழி.

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் சோதனைக்கூடத்தில் ஒன்பது வருஷம் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. பெரம்பலூரிலிருந்து ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்புவோம். ஆலையின் சென்னை அலுவலகத்தில் ஓர் இடம் காலியானபோது இருவருமே விண்ணப்பித்தோம். அவளுக்குக் கிடைத்தது. அவள் கிளம்பும் அன்று பஸ் ஸ்டாண்டுக்கு வழியனுப்ப வருவதாகச் சொல்லியிருந்தேன். போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து, மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் இரண்டு முறை போன் செய்தாள். எடுக்கவில்லை. பொறாமைதான், வேறென்ன.

எங்கள் ஆலைக் கம்ப்யூட்டர்களில் ஊழியர்கள் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பிக்கொள்ள ஒரு மெசஞ்சர் உண்டு. ஆள் இருக்கையில் இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி, இல்லாவிட்டால் சாம்பல் நிறம். சென்னையில் அவள் வேலையில் சேர்ந்த அன்று அவள் புள்ளி பச்சையாக எரிந்தது. அவளே முதலில் எழுதட்டும் என்று இருந்தேன். மறுநாளும் பச்சை. அவளும் எழுதவில்லை.

அந்த இரண்டு நாளும் நான் சாயங்கால பஸ்ஸை விட்டுவிட்டேன். நேரமானதும் என் தோளைத் தட்டி, "எந்திரி, பஸ் போயிடும்" என்று கிளப்புவது அத்தனை வருஷமும் அவள்தான். ரயில் இல்லாத ஊர் எங்களுடையது. அந்த பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு ஒரு மணி நேரம் ரோட்டோரம் நின்று புழுதி தின்ன வேண்டும். மூன்றாம் நாள் காலை, எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்குச் செய்திருப்பதையே என் கம்ப்யூட்டருக்கும் செய்தேன். மணியைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்தேன். பஸ்ஸை நம்பி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் கடிகாரம் அப்படித்தான் ஓடும்.

அதே மூன்றாம் நாள் அவள் புள்ளி சாம்பலாகிவிட்டது. பிறகு பச்சைக்குத் திரும்பவே இல்லை.

ஐந்து வாரம். காலையில் போனதும் பார்ப்பேன், டீ குடித்துவிட்டு வந்து பார்ப்பேன். சாம்பல். என் கண்ணில் படக்கூடாது என்றே மறைந்துகொண்டாள் என்று நினைத்தேன். கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது. ஒன்பது வருஷ சிநேகிதத்தை நானே கெடுத்துக்கொண்டேன் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. பட்டியலிலிருந்து அவள் பெயரையே எடுத்துவிடலாம் என்று முடிவுசெய்த அன்று மதியம், பிரிண்டரைப் பார்க்க கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்தாள். போகிற போக்கில் கேட்பதுபோல் கேட்டேன்.

"ஏம்மா, இதுல ஒருத்தவங்க நம்ம கண்ணுக்கு மட்டும் தெரியாம மறைஞ்சிக்க முடியுமா?"

"முடியும்க்கா."

அவள் பிரிண்டரை விட்டுவிட்டு என் திரையைப் பார்த்தாள்.

"அவங்க மட்டுந்தான் இப்படித் தெரியுறாங்களா, இல்ல எல்லாருமேவா?"

அப்போதுதான் அந்த ஒரு பெயரைவிட்டு என் கண் மேலே போனது. மேலாளர் சாம்பல். கிடங்குக்காரர் சாம்பல். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர்கூடச் சாம்பல். ஐந்து வாரமாக வேறொரு பெயரையும் நான் பார்த்திருக்கவில்லை.

அந்தப் பெண் திரையின் மூலையில் இருந்த மணியைப் பார்த்தாள். பிறகு தன் போனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"யாருக்கா மணிய மாத்தி வச்சது?"

"பஸ்ஸுக்காகம்மா" என்றேன், திருட்டு முழியோடு.

அவள் சிரித்துவிட்டுச் சொன்னாள். "நான் இங்கதான் இருக்கேன்னு ஒவ்வொரு பொட்டியும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவ சொல்லிக்கிட்டே இருக்கும்க்கா. அனுப்புன மணியும் அதுலயே இருக்கும். அந்தச் சேதிக்கு ஆயுசே அஞ்சு நிமிஷந்தான். உங்க மணி பத்து நிமிஷம் முன்னாடி ஓடுதா, அதனால எல்லாச் சேதியும் உங்ககிட்ட வரும்போதே பழசாத் தெரியுது. கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போட்டுடுது."

"அப்ப அவ இருக்கேன்னு சொன்னது..."

"வந்துக்கிட்டேதான்க்கா இருந்துருக்கு."

எனக்குப் புல்லரித்துவிட்டது. ஐந்து வாரம், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, அத்தனை தூரம் தாண்டி, இருக்கிறேன் இருக்கிறேன் என்று அவள் பக்கமிருந்து வந்துகொண்டே இருந்திருக்கிறது. வாசல்வரை வந்த ஒவ்வொன்றையும் நான் திருப்பியனுப்பியிருக்கிறேன். அதுவும் எதற்காக? அவள் தட்டாத தோளுக்காக.

அந்தப் பெண் மணியைச் சரிசெய்தாள். சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கிடங்குக்காரர் பச்சையானார். கொட்டாவிக்காரர் பச்சையானார். ஒவ்வொருவராக, மழைக்கு மறுநாள் புல் முளைப்பதுபோல், பட்டியல் முழுவதும் பச்சை. கடைசியில் அவள். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் அவளுக்கு எப்படிம்மா தெரிஞ்சிருப்பேன்?"

"பச்சையாத்தான்க்கா. அவங்க மணி சரியா இருக்குல்ல, உங்க சேதி அங்க பழசாத் தெரியாது."

அந்தப் பெண் போனதும் என் தோழிக்கு எழுதினேன். "பஸ் ஸ்டாண்டுக்கு வராதது தப்புதான்டி. பொறாமை. மன்னிச்சிக்க."

உடனே பதில் வந்தது. "போன செவ்வாக்கெழம ஏன் லீவு? ஒடம்பு சரியில்லையா?"

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"காலையில வந்தா ஒன் புள்ளியத்தான் மொதல்ல பாப்பேன். சாயங்காலம் அது போனப்பறந்தான் நான் பைய எடுப்பேன்."

திரை மங்கலாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தேன். ஐந்து வாரக் கதை இருந்தது. மணியைப் பற்றிச் சொன்னேன், பிரிண்டரைப் பற்றிச் சொன்னேன், அவள் நாற்காலியில் இப்போது சோதனைக்கு வந்த சிமெண்ட் மாதிரிப் பைகளைக் குவித்து வைத்திருப்பதைச் சொன்னேன். கம்ப்யூட்டர் இப்போது சரியான மணி காட்டுகிறது என்பதையே மறந்துபோனேன். நான் எழுதிக்கொண்டிருந்த வரி முடிவதற்குள் அவளிடமிருந்து ஒரு வரி வந்து விழுந்தது.

"எந்திரி, பஸ் போயிடும்."