காய்ந்த பாறையின் கணக்கு

பழங்காநத்தத்தில் மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, வடக்கே எங்கோ இருக்கும் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் கூரை நிற்குமா விழுமா என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை. மேலே உள்ள பாறை எவ்வளவு அழுத்தும், அதைத் தாங்க எத்தனை இரும்பு போல்ட் அடிக்க வேண்டும் என்பதெல்லாம் திரையில் நிறம் நிறமாகத் தெரியும். சுரங்கத்துக்குள் நான் ஒருநாளும் இறங்கியதில்லை. அதனால் என் திமிர் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அங்கே ஃபோர்மேனாக இருந்தவர் அலங்காநல்லூர்க்காரர். ஊர்ப் பாசத்தில் எனக்கு நேராகவே போன் போடுவார். போன மழைக்காலத்தில் ஒருநாள் கூப்பிட்டார்.

"தம்பி, கம்பியால கூரையத் தட்டிப் பாத்தா சத்தம் சரியில்ல. தண்ணி வேற கசியுது. கூரையத் தாங்க நாங்க ஊனியிருக்க மர முட்டு அம்புட்டையும் நாளைக்கு ரெண்டு மணி ஷிப்ட்ல எடுக்கச் சொல்றாக. போல்ட்டே போதும்னு உங்க ரிப்போர்ட்ல இருக்காம்ல?"

"கணக்கெல்லாம் சரியா இருக்குண்ணே, பயப்படாதீங்க" என்றேன். சத்தத்தைக் கம்ப்யூட்டரில் எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்று மனதுக்குள் சிரிப்பு வேறு.

மறுநாள் மதியம் சிம்மக்கல்லில் டவுன் பஸ் ஏறினேன். நிற்க இடமில்லாத கூட்டம். எனக்கு முன்னால் ஒருவர், மழையில் நனைந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கட்டிப் பிடித்திருந்தார். பாலத்தில் ஏறி பஸ் சட்டென்று நின்றதும் பெட்டியின் அடி பிய்ந்து சோப்புக் கட்டியெல்லாம் என் காலில் கொட்டியது.

"காஞ்சிருந்தா தாங்கியிருக்கும்ணே" என்றார், மன்னிப்புக் கேட்பது மாதிரி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கணக்கில் நான் கொடுத்திருந்த பாறையின் பலம், ஆய்வகத்தில் காயவைத்துச் சோதித்த துண்டினுடையது. அந்தக் கூரையோ களிப்பாறை. நனைந்தால் அந்தப் பலம் நிற்காது.

மணி ஒன்று நாற்பது. ஃபோர்மேனின் போன் அணைந்திருந்தது. சுரங்கத்தில் இறங்குகிறவர்கள் போனை மேலேயே வைத்துவிட்டுத்தான் போவார்கள். சுரங்க மேனேஜரின் எண் பிஸி. முன்னால் ஏதோ லாரி பழுதாம், பஸ் நகரவில்லை. யாருடைய முழங்கையோ என் நெஞ்சில் அழுந்தியது. இறங்கி ஓடலாமென்றாலும் எங்கே ஓடுவது? திரும்பத் திரும்ப மேனேஜரின் எண்ணையே அழுத்திக்கொண்டிருந்தேன். ஜென்மத்தில் அப்படிப் பயந்ததில்லை.

இரண்டு அடித்த பிறகுதான் மேனேஜர் எடுத்தார். தப்பு என்னுடையது, மர முட்டுகளில் யாரும் கை வைக்க வேண்டாம் என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ரிப்போர்ட் என்ன ஆவது என்று கேட்டார். கிழித்துப் போடுங்கள் என்றேன். உடனே ஆளனுப்புவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

சாயங்காலம் ஃபோர்மேன் கூப்பிட்டார். "பாதி தூரம் போயிட்டோம் தம்பி. பின்னாலயே ஆள் வந்து திருப்பிக் கூட்டியாந்துட்டாக."

"நல்ல வேளைண்ணே" என்றேன்.

"நேத்து மேனேஜர்ட்டயும் சொன்னேன், உங்ககிட்டயும் சொன்னேன். யாரும் நிப்பாட்டல. நீங்க ஒரு போன் போட்டதும் நின்னுருச்சு. அத நேத்தே போட்டிருக்கலாம்ல தம்பி?"

குரலில் கோபம் இல்லை. அவர் சாதாரணமாகத்தான் கேட்டார்.