அத்தை அள்ளிய மண்

இப்போது நான் காலேஜுக்கு பஸ்ஸில் போய்வருகிற ரோடு, என் சின்ன வயதில் வெறும் வண்டிப்பாதை. அதைக் கறம்பக்குடி வரைக்கும் கப்பி ரோடாக்கப் போகிறார்கள் என்றதும் ஊரே சந்தோஷப்பட்டது. எங்கள் வீட்டில் பெரியப்பா மட்டும் சோற்றில் கை வைக்காமல் எழுந்துவிட்டார். அளந்து நட்ட கல் எங்கள் பங்காளிகளின் இடுகாட்டுக்கு நடுவில் நின்றது. அவருடைய அப்பாவை, அதாவது என் தாத்தாவை, அங்கேதான் புதைத்திருந்தது.

“எங்கப்பன் நெஞ்சு மேல லாரி ஓடுறதைப் பாக்கவா நான் இருக்கேன்?”

வழி இல்லாமல் இல்லை. புதைத்த இடத்தில் ஒரு பிடி மண் எடுத்துவந்து எங்கள் வயலில் வைத்துக் கல் நட்டுவிட்டால், வீட்டில் போடும் வருஷப் படையலை இனி அங்கேயே போடலாம். ஆனால் அத்தனை கற்களில் தாத்தாவின் கல் எது என்று யாருக்கும் நிச்சயமில்லை. வேறு யார் மண்ணையோ கொண்டுவந்து அப்பா என்று கும்பிட முடியாதே. மறுநாள் ரோட்டு ஆட்கள் வெட்ட வருவதாகப் பேச்சு.

விடிந்ததும் பெரியப்பாவும் அப்பாவும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் பார்த்தவன் நான். கல்லில் எழுத்து இருந்தால் படித்துச் சொல்வேன் என்று பெரியப்பாவுக்கு நம்பிக்கை. எனக்கு அதைவிட நம்பிக்கை. தலைமாட்டுச் செம்புராங்கல் ஒவ்வொன்றையும் சட்டை நுனியால் துடைத்துப் பார்த்தேன்.

“என்னடா போட்டிருக்கு?”

“ஒண்ணும் போடலை பெரியப்பா.”

“நல்லாப் பாருடா. சிலேட்டுக் குச்சி வாங்கிக் குடுத்தே ஒங்கப்பன் ஓஞ்சு போனான்.”

எழுதத் தெரிந்தவர் ஒருவருமே இல்லாத குடும்பத்தில் கல்லில் யார் எழுதியிருப்பார்கள் என்று எங்கள் மூவருக்குமே தோன்றவில்லை.

பனைக்கு மேற்கே என்றார் பெரியப்பா. அந்தப் பனை புயலில் போயிருந்தது. ஆவாரம்புதர் ஓரம் என்றார் அப்பா.

“நீ அப்பத் தூளியில கெடந்த பய. ஒனக்கு என்ன தெரியும்?”

“நீங்க தெரிஞ்சு வச்சிருக்க லெச்சணந்தான் பாக்குறோமே அண்ணே.”

வெயில் ஏறிவிட்டது. “அத்தை ஒக்காருற எடத்துல பாத்தீங்களா?” என்று கேட்டேன். இருவரும் திரும்பினார்கள்.

அத்தை அவர்கள் இருவருக்கும் மூத்தவர். எப்போது பிறந்த வீடு வந்தாலும் விறகு பொறுக்க என்று என்னை அந்தப் பக்கம் கூட்டிப்போவார். என்னை வரப்பில் நிறுத்திவிட்டு உள்ளே போய் உட்கார்ந்திருப்பார். எந்தக் கல்லருகே என்பது எனக்குத் தெரியாது. விறகு பொறுக்குவது நான்தான்.

ரோட்டுச் சேதி கேட்டு முதல் நாளே வந்திருந்த அத்தையை அழைக்க ஓடினேன். தெருமுனையிலேயே நின்றிருந்தார். கற்களுக்கு நடுவே இங்கிட்டு அங்கிட்டுப் பார்க்காமல் நடந்து ஓரிடத்தில் நின்றார்.

“இந்தா இருக்காரு.”

சுற்றிலும் நெருஞ்சி. அந்த இடம் மட்டும் பெருக்கி வைத்தது போலிருந்தது.

“பொம்பளை வார எடமாக்கா இது?” என்றார் பெரியப்பா.

“நான் வராம இருந்திருந்தா, இன்னைக்கு எவனோட அப்பனைத் தூக்கிட்டுப் போயிருப்பே?”

பெரியப்பா விழுந்து கும்பிட்டு, ஒரு பிடி மண்ணை அள்ளிப் புதுக் கலயத்தில் போட்டார். நாங்கள் கிளம்பினோம். அத்தை எழுந்திருக்கவில்லை. தாத்தாவின் கால்மாட்டில், கல்கூட நடாத ஓரிடத்தில் ஒரு பிடி அள்ளி முந்தானையில் வைத்தார்.

“அது எதுக்கு அத்தை? தாத்தா அங்கிட்டுல்ல இருக்காரு?”

பெண்கள் இடுகாட்டுப் பக்கம் திரும்பினாலே சத்தம் போடும் பெரியப்பா, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

“அக்கா, அதையும் கலயத்துலயே போடு. அப்பாவோடயே இருக்கட்டும்” என்றார் அப்பா.

“இத்தனை வருசம் அவரு பாத்துக்கிட்டாரு. இனி நான் வச்சுக்கிறேன்.”

மண்ணை இறுக முடிந்துகொண்டார்.

சாயங்காலமே அத்தை தன் ஊருக்குப் புறப்பட்டார். வண்டிப்பாதையில் நடந்துபோய் மெயின் ரோட்டில் பஸ் ஏறும்போது ஒரு கை கம்பியைப் பிடித்திருந்தது. மறு கை அந்த முடிச்சை மார்போடு அணைத்திருந்தது. தலைப்பிரசவத்துக்குப் பெண்கள் தாய்வீட்டுக்கு வருவார்கள் என்பது எனக்குத் தெரியும். அத்தைக்குப் பிள்ளை இல்லை என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை. நல்ல சேலையெல்லாம் செம்மண்ணாகிவிடுமே என்று பஸ் மறையும்வரை கவலைப்பட்டுக்கொண்டு நின்றேன்.