நீலப் பெட்டியில் ஒரு குழாய்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆய்வுக்கூடத்தில் ஏதாவது பிசகினால் முதலில் பொருளைத் திட்டுவேன், அடுத்து அதை அனுப்பியவர்களை. என்னையே திட்டிக்கொள்ளப் பழகியது ஒரு குப்பியால்தான்.

இரணியலுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவியாக இருக்கிறேன். சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் கூடுகிற ஒரு புரதத்தை அளப்பது என் வேலை. நோயாளிகளோடு ஒப்பிட, நோயில்லாத ஒருவரின் இரத்தமும் வேண்டும். அதற்கு வெளியே அலைவதில்லை; கூடத்தில் இருக்கும் யாராவது கையை நீட்டிவிடுவது எங்கள் வழக்கம். எனக்கு ஊசி என்றால் பயம். அதனால் மாதாமாதம் நீட்டியது அக்காதான். கூடத்து உதவியாளர், தேங்காப்பட்டணத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர். இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரான சீரம் சின்னக் குழாய்களில், நோயாளிகளுடையது சிவப்புப் பெட்டியிலும் அக்காவுடையது நீலப் பெட்டியிலுமாக ஒரு வருடம் ஃப்ரீஸரில் சேர்ந்தது.

பிறகுதான் குப்பி வந்தது. அளப்பதற்கு அளவுகோல் வேண்டுமே. மனிதப் புரதத்தைப் பாக்டீரியாவுக்குள் உண்டாக்கி, உலர்த்தி, துளிப் பொடியாக அனுப்புவார்கள். ‘மனிதப் புரதம், ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதருக்குச் செலுத்தக் கூடாது’ என்று மேலே எழுதியிருக்கும். உள்ளே இருப்பது கண்ணுக்கே தெரியாது.

அக்கா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“ஏட்டி, மனுசனுக்கதுன்னு போட்டிருக்கே. இது ஆருக்க உடம்புலருந்து எடுத்தது?”

“ஆருக்கதும் இல்லக்கா. கிருமிக்குள்ள வச்சு உண்டாக்கினது.”

“அப்போ ஆளே இல்லாத ஆளுக்க உடம்பா?” என்றவர் குப்பியைச் சட்டென்று கீழே வைத்துவிட்டார். நான் சிரித்தேன். உள்ளூர எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

முதல் சோதனை ஒரு மழை மதியத்தில். தட்டில் சின்னச் சின்னக் குழிகள். புரதம் கூடக் கூட குழியில் நீலம் அடர்ந்துகொண்டே போகும். நோயாளிகளின் குழிகள் கறுத்தன. அக்காவின் கடைசி மாதச் சீரம் இருந்த குழியும் அவற்றோடு கறுத்தது. யாரும் தொடவில்லை, ஒரு சத்தமில்லை. நாங்கள் பார்க்கப் பார்க்க நீலம் ஏறிக்கொண்டே இருந்தது. உடனே எனக்கு வழக்கமான கோபம் வந்துவிட்டது.

“வர்ற வழியில ஐஸ் உருகி குப்பி கெட்டுப்போச்சு. அதான் எல்லாம் கூடக் காட்டுது.”

“கெட்டதாத்தான் இருக்கும்” என்றார் அக்கா, செருப்பின் வாரைத் தளர்த்திக்கொண்டே. பஸ்ஸில் நின்று வந்ததால் கால் வீங்குகிறது என்று சில வாரங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அளவுகோல் பிசகினாலும் நோயாளியின் குழியும் நோயில்லாதவரின் குழியும் ஒரே அளவுக்குக் கறுக்க வழியில்லை. கொஞ்சம் நிதானமாக யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். நான் நோட்டில் ‘குப்பி கெட்டது’ என்று எழுதி, அதைத் தூக்கிப் போட்டேன். அடுத்த குப்பி வர நான்கு மாதமானது.

இரண்டாவது குப்பி வந்தபிறகும் அக்காவின் குழியில் அதே கறுப்பு. வாயைத் திறக்கப்போன என்னை அக்கா தடுத்தார்.

“நில்லு. ஒனக்க ரெத்தத்தையும் வச்சுப் பாரு.”

கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினேன். என் குழி வெளிறியே கிடந்தது. பக்கத்தில் அக்காவின் குழி கறுத்திருந்தது.

அதன்பின் நீலப் பெட்டியிலிருந்த ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஒரு துளி எடுத்து, மாத வரிசைப்படி வைத்தேன். முதல் மாதம் என்னுடையதைப் போல வெளிறல். பிறகு மாதத்துக்கு ஒரு பிடி கூடுதலாக நீலம். அவருடைய நோய் அத்தனை மாதங்களாக எங்கள் ஃப்ரீஸரில் வரிசையாக உட்கார்ந்திருந்தது. அதன்மேல் நோயில்லாதவர் என்று சீட்டு ஒட்டியது நான்தான். யாருடையதும் அல்லாத ஒரு பொடி அக்காவை அடையாளம் கண்டுகொண்டது. தினமும் அவர் கையால் சாயா வாங்கிக் குடித்த எனக்குத் தெரியவில்லை.

நாகர்கோவிலில் பார்த்த டாக்டர், நாலு மாதம் முன்னால் வந்திருந்தால் மருந்திலேயே கொஞ்ச காலம் ஓட்டியிருக்கலாம் என்றார். இப்போது வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நோட்டில் எழுதியதை அக்காவிடம் காட்டி அழுதேன். அவர் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு மூடிவைத்தார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

வேலையை விட்டுவிட்டுக் கூடத்துச் சாவியை ஒப்படைக்க வந்த அன்று அவரே ஃப்ரீஸரைத் திறந்தார். நீலப் பெட்டியிலிருந்த தன் குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சிவப்புப் பெட்டிக்கு மாற்றினார். முதல் மாதக் குழாய் மட்டும் மிஞ்சியது. அதை நான் எடுக்கப் போனேன்.

“அத எடுக்காத ஏட்டி. அது சொகமா இருந்த நானாக்கும். அவ அங்கயே கெடக்கட்டு.”

அந்தக் குழாயை நான் எந்தச் சோதனைக்கும் எடுப்பதில்லை. கரண்டு போனால் மட்டும் ஓடிப்போய் ஃப்ரீஸர் கதவை அழுத்திப் பிடித்துக்கொள்கிறேன்.