எங்கள் கதவை மட்டும் தட்டவில்லை

ஆறேழு வருடம் இருக்கும். ஐப்பசி மாதம், அம்மாவை அழைத்துக்கொண்டு கன்னியாகுமரிக்குப் போயிருந்தேன். நாங்கள் ஈரோட்டுப் பக்கம். அம்மாவுக்கு அப்போது எழுபதை நெருங்கிய வயது. அதுவரை அவள் கடலையே பார்த்ததில்லை என்றால் நம்ப மாட்டீர்கள். அப்பா இருந்தவரை தறி, அப்பா போன பிறகு என் பிள்ளைகள் என்றே காலம் ஓடிவிட்டது. கடலிலிருந்து சூரியன் எழுந்து வருவதை ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று மட்டும் எப்போதாவது சொல்வாள். வேறு எதையும் அவள் என்னிடம் கேட்டதாக நினைவில்லை.

கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய லாட்ஜ். போனில் படம் பார்த்து நான்தான் பதிவு செய்தேன். படத்தில் ஜன்னல் முழுக்கக் கடல். நேரில் போனால், கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் பக்கத்து ஓட்டலின் சுவர். படம் பொய்யில்லை. அந்த ஐந்து மாடி ஓட்டல் எழும்புவதற்கு முன்னால் எடுத்தது, அவ்வளவுதான். உள்ளே நட்டநடுவில் பள்ளம் விழுந்த மெத்தை, பஞ்சு வெளியே தெரியும் ரெக்ஸின் நாற்காலி, எடுத்துக் காதில் வைத்தால் எந்தச் சத்தமும் வராத இன்டர்காம். அம்மாவுக்கோ எல்லாமே பிடித்துவிட்டது. மொசைக் தரை குளுகுளுவென்று இருக்கிறது என்று செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து நடந்து பார்த்தாள்.

எனக்கு எப்போதும் மூக்கின் மேல் கோபம். ரயிலில் சரியாகத் தூங்காத எரிச்சல் வேறு. எல்லாவற்றையும் அந்த மாடியைக் கவனித்துக்கொண்ட ஊழியர் மேல் காட்டினேன். என் வயதுதான் இருக்கும் அவருக்கு, நாற்பத்தைந்து. சுசீந்திரம் பக்கத்து ஊர்க்காரர். பக்கெட் ஓட்டை என்றேன், வேறு பக்கெட் வந்தது. போர்வையில் வாடை என்றேன், வேறு போர்வை வந்தது. கீசர் வேலை செய்யவில்லை என்றேன், கீழேயிருந்து இரண்டு மாடி ஏறி வெந்நீர் தூக்கி வந்தார். முகம் சுளிக்கவே இல்லை. “எக்கா, பழைய கெட்டிடமாக்கும். கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க” என்பார். அது என் கோபத்தை இன்னும் கிளறியது.

அந்த லாட்ஜில் ஒரு வழக்கம் இருந்தது. விடிவதற்கு முன் அவர் மொட்டைமாடிக்குப் போய் வானத்தைப் பார்ப்பார். அங்கே கிழக்குப் பக்கம் மட்டும் எந்தக் கட்டிடமும் மறைக்காமல் கடல் தெரியும். கீழ்வானம் தெளிவாக இருந்தால் மட்டும் இறங்கி வந்து ஒவ்வொரு கதவாகத் தட்டுவார். எல்லாரும் மாடிக்குப் போய்ச் சூரியனைப் பார்ப்பார்கள். மேகம் இருந்தால் யாரையும் எழுப்ப மாட்டார். அம்மா இதை அவரிடம் இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டாள். “மறந்துறாதப்பா, எங்க கதவயும் தட்டோணும்” என்றாள். “தட்டாம இருப்பேனாம்மா? நீங்க சமாதானமா ஒறங்குங்க” என்றார் அவர்.

அன்று சாயங்காலம் குடிதண்ணீர் கேட்கக் கீழே போனேன். அவர் அங்கே நின்றிருந்தார். காலையில் எங்கள் கதவைத் தட்ட வேண்டாம் என்று சொன்னேன். எனக்குத் தூக்கம் வேண்டும், இன்னும் ஒரு நாள் இருக்கப்போகிறோம், மறுநாள் பார்த்துக்கொள்கிறோம் என்றேன். “அம்மை ஆசையாக் கேட்டாவளே எக்கா” என்று இழுத்தார். “நான் சொன்னால் சொன்னதுதான். தட்டினால் முதலாளியிடம் புகார் செய்வேன்” என்றேன். அவர் சரி என்று தலையாட்டினார்.

மேலே வந்து அம்மாவிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறுநாள் கட்டுவதற்கு எடுத்து வைத்த சேலையைத் தலையணைக்கு அடியில் வைத்து மடிப்பு விழச் செய்துகொண்டிருந்தாள். அவள் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன்.

மாடிப்படியில் ஆட்கள் பேசிச் சிரித்துக்கொண்டு இறங்கும் சத்தத்தில்தான் விழித்தேன். நன்றாக விடிந்திருந்தது. அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். குளித்து, அந்தச் சேலையைக் கட்டி, தலைவாரி, பூ வைத்து, காலில் செருப்போடு. மடியில் கைப்பை.

“பொழுது ஏறிருச்சாட்ட இருக்குது கண்ணு” என்றாள். “பக்கத்து ரூம்லயெல்லாம் தட்டுன சத்தம் கேட்டுது. நம்ம கதவுக்கும் வருவாங்கன்னு உக்காந்துட்டு இருந்தேன்.”

என்னை எழுப்பியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். நீ அசந்து தூங்கினாய், எழுப்ப மனசு வரவில்லை என்றாள்.

அந்த இடத்தில் ஒரு வார்த்தை போதும். தட்ட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன் அம்மா என்றிருந்தால் அவள் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக நான் செய்ததை எழுதவே கை கூசுகிறது. விருட்டென்று கதவைத் திறந்து வராந்தாவுக்குப் போனேன். அவர் காலி டீ கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். “ஏன் எங்கள் கதவைத் தட்டவில்லை? வயதானவர் விடியாத நேரத்திலிருந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். இதுதான் நீங்கள் ஆட்களைக் கவனிக்கும் லட்சணமா?” என்று கத்தினேன். பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். முதலில் புரியாமல்தான் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால், கதவருகில் வந்து நின்ற அம்மாவைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. இப்போது உண்மையைச் சொல்லிவிடுவார் என்று பயந்தேன்.

“மறந்துட்டேம்மா” என்றார். “தப்பு எம்மேலதான். நாளைக்கு மொதல்ல ஒங்க கதவுதான்.”

“அட, வுடு சாமி, மனுசனுக்கு மறக்கறதுதான்” என்று சொல்லிவிட்டு அம்மா என் பக்கம் திரும்பி, “அவரத் திட்டாத கண்ணு” என்றாள். நான் அவரைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் சொன்னபடி தட்டினார். ஆனால் வானம் மூடிக் கிடக்கிறது என்று சொல்லத்தான் தட்டினார். அம்மா கேட்கவில்லை, அவரோடு மாடிக்குப் போய் நின்றாள். அரைமணி நேரம் கழித்துத் தூறலில் நனைந்த தலையோடு இறங்கி வந்தாள். ஒரு நாள் கூட இருங்கள், நாளைக்குத் தெளிந்துவிடும் என்று அவர் கெஞ்சாத குறையாகச் சொன்னார். அம்மா என்னைப் பார்த்தாள். லீவு இல்லை என்று சொல்லிவிட்டேன். லீவு இருந்தது. அவர் முகத்தில் இன்னொரு நாள் விழிக்கத்தான் என்னால் முடியவில்லை. அன்றே கிளம்பிவிட்டோம்.

ஊருக்கு வந்ததும் அம்மா எல்லாரிடமும் கன்னியாகுமரிக் கதை சொன்னாள். கடல் எவ்வளவு பெரிது, அலை எப்படிக் காலை இழுத்தது என்று சொல்வாள். கடைசியில், “சூரியந்தான் பாக்கல. தட்டறேன்னு சொன்ன ஆளு மறந்துட்டான், பாவம், வேல அதிகமாட்ட இருக்குது” என்பாள். ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்தில்தான் இருப்பேன். அடுத்த வருடம் மறுபடி கூட்டிப் போகிறேன், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொள்வேன். அடுத்த வருடம் மகனுக்குப் பரீட்சை. அதற்கு அடுத்த வருடம் அம்மாவுக்கு மூட்டுவலி. மூன்றாவது வருடம் அம்மா இல்லை.

போன வருடம் நாகர்கோவிலில் ஒரு கல்யாணம். முடிந்ததும் தனியாகக் கன்னியாகுமரி பஸ் ஏறினேன். அவரிடமாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று மனது அடித்துக்கொண்டது. லாட்ஜுக்கு வெளியே மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அவரும் இருந்தார், காதோரம் நரைத்திருந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நடந்ததைச் சொல்லச் சொல்லத்தான் முகம் மாறியது.

“பூ வச்சு, சேலை கெட்டி ஒருங்கி இருந்த அம்மை! அவ்வொ பொறவு வந்து பாத்தாவளா எக்கா?”

இல்லை என்றேன். இப்போது அம்மாவே இல்லை என்றேன். அவர் பக்கத்திலிருந்த நாற்காலியை எனக்கு நகர்த்திப் போட்டார். நான் மன்னித்துவிடுங்கள் என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

“தப்பு எம்மேலதான்னு நான் அண்ணைக்குச் சும்மா சொல்லல்ல” என்றார். “ஒங்க கதவுக்கு மேல கண்ணாடி உண்டுல்லா, அதுல வெளிச்சம் தெரிஞ்சுது. அம்மை முழிச்சிருக்காவன்னு எனக்குத் தெரியும். தட்டக் கையும் ஓங்கினேன். நீங்க தட்டாண்டாம்னு வெலக்குனது ஞாபகம் வந்துச்சு. கொஞ்ச நேரம் நின்னுட்டு அடுத்த கதவுக்குப் போயிட்டேன். அண்ணைக்குக் கெழக்கு மானம் மேகமே இல்லாம அவ்வளவு தெளிவா இருந்துச்சு எக்கா. நான் தட்டியிருக்கணும்.”

கதவுக்கு உள்ளே அம்மா காத்திருந்தாள், வெளியே அவர் நின்றார். நடுவில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். என் தவறை இத்தனை வருடம் அவர் தன் தவறாகவே சுமந்திருக்கிறார். நான் எவ்வளவு சொல்லியும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. டீ வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டுத்தான் போனார்.

இப்போதெல்லாம் என் தவறு என்றால் அந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன், அலுவலகத்திலும் வீட்டிலும். ஆனால் அந்த மனிதர் மறதிக்காரர் என்று நினைத்தபடியே கண் மூடிய அம்மாவிடம், “அவர் மறக்கவில்லை அம்மா, நான்தான் தட்ட வேண்டாம் என்றேன்” என்று சொல்ல எனக்கு இனி ஒரு விடியல் கிடைக்கப்போவதில்லை.