வேல் குத்தும் இடத்தில் ஒரு மாத்திரை

மோகனாவுக்கு ஐம்பத்தொரு வயது. பாயான் பாரு நகரில் வீடு, பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் லைன் லீடர், முப்பது பேரைக் கட்டி மேய்ப்பவள். யாராவது 'உன்னால் முடியாது' என்றால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய இதயமே சொன்ன பேச்சைக் கேட்காமல் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கியபோதும் பயத்தைவிட எரிச்சல்தான் அதிகம் வந்தது.

"இது கெழவங்களுக்கு வர்ற சீக்குதானே?" என்று கிளினிக் நர்ஸ் மர்ஜானாவிடம் சண்டைக்குப் போனாள்.

"நான் வேலைக்குச் சேந்தப்ப இந்த பெஞ்சுல எழுபது வயசுக்காரங்கதான் உக்காந்திருப்பாங்க, அக்கா. இப்ப நாப்பதுலயே வர்றாங்க. முன்னவிட நெறைய பேர சோதிக்கிறோம், அதனாலயும் கூடுதலா தெரியுது. ஆனா பிரஷர், இனிப்பு நீர் வியாதி, ஒடம்பு எடை, எல்லாம் நம்மகிட்ட ஏறிப்போச்சு லா."

ரத்தம் கட்டி மூளைக்குப் போய்விடாமல் இருக்கத் தினமும் மாத்திரை கொடுத்தார்கள். ஒழுங்காகத்தான் போட்டுக்கொண்டு வந்தாள், தைப்பூசம் வரும் வரை.

பதினெட்டு வருடமாக நாக்கில் சின்ன வேல் குத்திக்கொண்டு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பவள் அவள். வேல் இறங்கும்போது ரத்தம் வந்தால் விரதத்தில் குறை என்று அவர்கள் குழுவில் கண்ணாலேயே பேசிக்கொள்வார்கள். மாத்திரை போட்டால் ரத்தம் சட்டென்று நிற்காது. சென்ற வருடம் அவள் யாரிடமும் சொல்லாமல் ஐந்து நாள் மாத்திரையை நிறுத்தினாள். ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்ன மர்ஜானாவிடமும் மூச்சு விடவில்லை. வேல் ஒரு சொட்டு இல்லாமல் இறங்கியது. குத்திவிட்ட குழுத் தலைவர் பக்கிரிசாமி, சுத்தமான விரதம் என்று எல்லார் முன்னாலும் மெச்சினார்.

அன்று சாயங்காலம் தேநீர்க் கோப்பை அவள் வலது கையிலிருந்து நழுவியது. கணவனைக் கூப்பிட வாயைத் திறந்தாள், பெயர் வரவில்லை. பேச்சு சரியாகத் திரும்ப நான்கு மாதம் ஆனது.

இந்த வருடம் அவள் வேல் குத்தப்போவதில்லை என்று கேள்விப்பட்டு, பக்கிரிசாமியே போன் செய்தார். "நீ வீட்லயே இரும்மா. வேல் குத்தாம பால்குடம் எடுத்தா குழுவுக்கு நல்லாருக்காது."

"மெதுவா ஏறலாம், வேல்தான் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நான் வேண்டிக்கிட்டது முருகன்கிட்டண்ணே. உங்க குழுகிட்ட இல்ல."

தைப்பூசக் காலையில் மஞ்சள் சேலையோடு போய் வரிசையில் நின்றாள். முன்னால் வேல் குத்திக்கொள்ள நின்றவன் லோகேஸ்வரன், பாகான் டாலாம் ஊரைச் சேர்ந்த லாரி டிரைவர், முப்பத்தெட்டு வயது. இரண்டு மாதத்துக்கு முன் மர்ஜானாவின் கிளினிக் பெஞ்சில் அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டவன்.

"மாத்திரை போட்டியா, தம்பி?"

அவன் தலை குனிந்தான். "அஞ்சு நாளா நிறுத்திட்டேன்க்கா. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

மோகனா அவனைத் தாண்டிக்கொண்டு நேரே பக்கிரிசாமி முன்னால் போய் நின்றாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். எல்லாரும் பார்க்க நாக்கை நீட்டி, வேல் இறங்கும் இடத்தில் அன்றைய மாத்திரையை வைத்தாள். போத்தல் தண்ணீரைக் குடித்து விழுங்கினாள்.

"ரத்தம் வந்தா குறைன்னு சொல்றீங்கல்ல? போன வருசம் எனக்கு ஒரு சொட்டு வரல. சாயங்காலம் என் புருசன் பேரும் வாயில வரல. இதுல எது குறைண்ணே?"

உறுமி மேளம் நிற்கவில்லை. மோகனா குடத்தைத் தூக்கித் தலையில் வைத்தாள்.

"அக்கா, நில்லுங்க."

லோகேஸ்வரன் வரிசையை விட்டு வெளியே வந்திருந்தான். வேட்டி மடிப்பிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தான். "அந்தத் தண்ணியக் குடுங்க."

பக்கிரிசாமி கையிலிருந்த வேலைக் கீழே இறக்கினார். பிறகு அதை எலுமிச்சம்பழத்தில் குத்தி வைத்துவிட்டு, வரிசையைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னும் யாரெல்லாம் மாத்திரைய நிறுத்திட்டு வந்திருக்கீங்க?"

ஒவ்வொன்றாக நான்கு கைகள் உயர்ந்தன.