மூன்றாம் தண்ணீர்

செட்டிகுளத்தில் வெங்காயக் காட்டுக்குக் கூலிக்குப் போகிறவள் பஞ்சவர்ணம். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கென்று இருந்தது மகள் பொன்னாயியும் தம்பி அரியமுத்துவும்தான். வாயோ ஊர் வாய். அவள் வராத அன்று காடே வெறிச்சோடிக் கிடக்கும்.

எண்பத்தெட்டாம் வருஷம் தம்பிக்கு ரத்தப் புற்று கண்டது. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இவள் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து அவனுக்கு ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டான். "இனி அவன் ஒடம்புல ஓடுறது என் ரத்தம்" என்று அவள் அடித்த தம்பட்டம் கொஞ்சமல்ல.

அனுப்பும்போது டாக்டர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "வீட்டுல யாருக்கு அம்மை போட்டாலும் அன்னைக்கே இவரைக் கூட்டிட்டு வந்துடுங்க. ஒரு ஊசி போடணும்." பெரிதாகத் தலையாட்டிவிட்டு வந்தாள்.

மறு சித்திரையில் பொன்னாயிக்கு மணல்வாரி அம்மை போட்டது. பஞ்சவர்ணம் வாசலில் வேப்பிலை செருகினாள், தாளிப்பதை நிறுத்தினாள். அம்மை இறங்கி தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை யாரும் படி தாண்டக் கூடாது, ஊசி மருந்து பேச்சே ஆகாது.

"அக்கா, டாக்டர் சொன்னாரே" என்றான் அரியமுத்து.

"ஆத்தாளுக்கு மேலயா டாக்டரு? பேசாம படு."

ஒன்பது நாள் கழித்து மூன்றாம் தண்ணீர் ஊற்றினாள். மகள் தேறினாள். தம்பி உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை. சந்தோஷத்தில் கோயிலுக்குக் கூழ் ஊற்றினாள்.

ஆடியில் அவன் இடது கை தானாகத் துடிக்க ஆரம்பித்தது. தூக்கத்திலும் நிற்கவில்லை. நாலாம் நாள் பேச்சு நின்றது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"வீட்டுல யாருக்காவது அம்மை வந்துச்சாம்மா?"

"ஆமாங்க, பாப்பாவுக்கு. இவனுக்கு ஒண்ணுமே வரலீங்களே."

"இவர் ஒடம்புல எதிர்ப்புச் சக்தி இல்லம்மா, அதனால அம்மை வெளியே தெரியாது. உள்ளேயே மூளைக்குப் போயிடுச்சு."

"என் எலும்புலேர்ந்து இன்னொரு தடவை எடுத்துக்குங்க சார்."

"அதுல குறையில்லம்மா. உங்க ரத்தம் அவருக்கு நல்லாவே ஓடுது. மூளைக்குத்தான் எங்கிட்ட மருந்து இல்ல."

அவளுக்கு அழுகை வரவில்லை. துடிக்கிற கையைப் பிடித்துக்கொண்டு பதினோரு நாள் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டாம் நாள் கை நின்றது. அப்போதும் அழுகை வரவில்லை. மரத்துப்போன கால் மாதிரி இருந்தது நெஞ்சு.

காரியத்தன்று பெண்கள் சுற்றி உட்கார்ந்து, "ஆத்தா அழைச்சுக்கிட்டா, நீ என்னடி பண்ணுவ" என்று தேற்றினார்கள். ஊரே அதைத்தான் சொன்னது. ஒருவரும் அவளைக் குறை சொல்லவில்லை.

"ஆத்தா அழைக்கல" என்றாள் பஞ்சவர்ணம். "நாந்தான் ஊசிக்கு அனுப்பல."